பழைய போர் விமானங்களைப் பறக்க வைப்பது: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருவையாறு பக்கம் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிறார், பேருந்தில் வரும் பாலிடெக்னிக் பையன்கள் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தஞ்சாவூர் விமானதளத்தில் பழைய விமானம் ஏதாவது பறக்கிறதா?

இல்லை. தலைக்கு மேல் இரைந்து போவது சுகோய்-30 எம்கேஐ. 2020 ஜனவரி 20 அன்று 222-வது படைப்பிரிவு, பிரமோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்களோடு அங்கே நிலைகொண்டது. அது இன்றைய போர் விமானம்.

ஆனால் அந்தத் தளம் பழையது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று வரிசையாகக் குண்டு போட்டார்கள். வங்கக் கடலோரம் முழுக்க அச்சம். தஞ்சாவூர், திருச்சி, உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு என்று நம்மைச் சுற்றி இருக்கும் ஓடுபாதைகளுக்கெல்லாம் அந்தப் போரோடு தொடர்பு உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று படைப்பிரிவுகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயர் சேர்ந்தது. மாகாணத்து மக்கள் கொடுத்த நிதிக்கு அடையாளமாக வைத்த பெயர் அது. ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானம் ஒன்றுக்கு 5,000 பவுண்டு என்று கணக்கு வைத்து வசூல் செய்த காலம். அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. ஆகவே இந்தப் பழைய விமானங்கள் வேறு யாருடைய கதையோ என்று நம் பிள்ளைகள் நினைக்கத் தேவையில்லை.

சரி, இந்தியாவில் எங்கேதான் பறக்கின்றன?

இந்திய விமானப்படையே 'விண்டேஜ் ஃபிளைட்' என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது. டைகர் மாத், ஹார்வர்ட் என்ற பயிற்சி விமானங்களும், ஆட்களையும் சரக்கையும் ஏற்றும் டகோட்டாவும் அதில் உண்டு. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சிக்குப் போனவர்கள் டகோட்டாவையும் ஹார்வர்டையும் பார்த்திருப்பார்கள்.

அந்த டகோட்டாவின் எண் விபி 905. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகர் போன முதல் டகோட்டாவின் எண் அது. இப்போது இருப்பது அதே விமானம் அல்ல, அதன் எண்ணைத் தாங்கிய வேறொரு டகோட்டா. இங்கிலாந்தில் பாழாய்க் கிடந்ததை அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் வாங்கிச் சீரமைத்து விமானப்படைக்குக் கொடுத்தார். அவருடைய தந்தை டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி. 2018-ல் அது இங்கிலாந்திலிருந்து ஐரோப்பாவையும் வளைகுடாவையும் கடந்து, தன் சொந்த இன்ஜின்களின் பலத்திலேயே ஜாம்நகர் வந்து இறங்கியது. எழுபது வயதைத் தாண்டிய விமானம்! என்னோடு வேலை பார்த்தவர்கள் அன்று ஒருவருக்கொருவர் போன் செய்து பேசிக்கொண்டோம்.

பழைய விமானத்தை ஓட்டாமல் ஷெட்டில் பத்திரமாக வைத்தால் அதிக நாள் வருமே?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இன்ஜினைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது.

பிஸ்டன் இன்ஜினின் சிலிண்டர் சுவர் எஃகு. ஓடும்போது எண்ணெய்ப் படலம் அதன்மேல் பூசிக்கொண்டே இருக்கும். நிறுத்திவிட்டால் எண்ணெய் மெல்லக் கீழே வழிந்துவிடும், சுவர் வெறுமையாகிவிடும். நம் ஊர் ஐப்பசி ஈரக்காற்று ஒரு சில வாரம் பட்டால் போதும், துருப்புள்ளி விழும். அடுத்த முறை ஓட்டும்போது பிஸ்டன் வளையம் அந்தத் துருவை உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டு போகும். அங்கே தொடங்கும் தேய்மானம் நிற்காது.

'அப்படியானால் வாரம் ஒருமுறை தரையிலேயே ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடலாமே' என்பார்கள். அது இன்னும் கெடுதல். பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும். கொஞ்ச நேரம் ஓடினால் எண்ணெய் போதிய அளவு சூடேறாது. அந்த ஈரம் எண்ணெயிலேயே தங்கி அமிலமாகும். ஓட்டினால் ஒழுங்காகப் பறந்து, எண்ணெய் நன்றாகச் சூடாகி, ஈரம் ஆவியாகி வெளியேற வேண்டும். அதற்கு வழி இல்லையென்றால் முறைப்படி உறங்க வைக்கவேண்டும். அதாவது, பாதுகாப்பு எண்ணெயைச் சிலிண்டர்களுக்குள் தெளித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த இடத்தில் சிலிக்கா ஜெல் அடைத்த பிளக்குகளை மாட்டி, புகைபோக்கியையும் காற்று நுழையும் வாயையும் மூட வேண்டும். நீல நிற ஜெல் ரோஜா நிறத்துக்கு மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றவேண்டும். நம் பக்கத்து மழைக்காலத்தில் அது மிகச் சீக்கிரம் நிறம் மாறும்.

ரப்பருக்கும் இதே கதைதான். ஓஸ், சீல், டயர் எல்லாவற்றுக்கும் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வயதாகும். அதனால்தான் சில பாகங்களைப் பறந்த மணிக்கணக்கிலும், சில பாகங்களை நாள்காட்டிக் கணக்கிலும் மாற்றுகிறோம்.

டெல்டா போன்ற இடத்தில் இப்படி ஒரு விமானத்தை வைத்துப் பராமரிக்க முடியுமா?

முடியும், ஆனால் நம் ஊர் தரும் தொல்லைகளைத் தெரிந்து வைத்துச் செய்யவேண்டும்.

முதலில் உப்பு. நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் பக்கம் இரும்புக் கதவு என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். விமான அலுமினியத்துக்கும் அதேதான். வெளியே பளபளப்பாக இருக்கும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் மடிப்புக்குள் வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டிருக்கும். பழைய விமானங்களில் மெக்னீசியம் கலந்த வார்ப்புப் பாகங்களும் உண்டு, அவை இன்னும் வேகமாகப் போய்விடும். பறந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். அடிவயிற்றில் இருக்கும் வடிகால் துளைகள் அடைத்துக்கொள்ளாமல் பார்க்கவேண்டும்.

அடுத்து மரமும் துணியும். டைகர் மாத்தின் இறக்கைக்குள் மரச்சட்டம், மேலே துணி. இரண்டுக்கும் ஈரம் ஆகாது. போர்க்காலத்து மஸ்கிட்டோ மரத்தாலான விமானம். அது இந்தியாவிலும் பர்மாப் பக்கமும் பறந்தபோது இறக்கையின் மேல்தோல் ஒட்டுவிட்டுப் பிரிந்து விபத்துகள் நடந்தன. 1944 நவம்பரில் இந்தப் பகுதியில் இருந்த மஸ்கிட்டோக்களைத் தரையில் நிறுத்திச் சோதித்தார்கள். தொழிற்சாலையில் ஒட்டு சரியாகச் சேராத குறையும், உள்ளே நீர் புகுந்த குறையும் வெளிவந்தன. இன்று இறக்கைத் துணிக்குப் பெரும்பாலும் பாலியஸ்டர் போடுகிறோம், பசையும் நல்லது வந்துவிட்டது. ஆனாலும் மர இணைப்பைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட முடியாது.

பிறகு உயிரினங்கள். நம் ஊர்க் குளவிக்குச் சின்னத் துளை எதைக் கண்டாலும் மண் அடைக்கத் தோன்றும். விமானத்தின் வேகத்தைக் காட்டுவது பிட்டோ என்ற சிறு குழாய். அதற்குள் குளவி கூடு கட்டிவிட்டால் விமானி பார்க்கும் வேகம் பொய்யாகிவிடும். தரையில் நின்றதும் அதற்கு உறை போட்டாக வேண்டும். அந்த உறையில் சிவப்புப் பட்டை தொங்கும், மறந்துபோய் உறையோடு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக. எலி வயரையும் கடிக்கும், துணியையும் கடிக்கும். ஹேங்கருக்குப் பக்கத்திலேயே வயல் இருந்தால் அறுப்பு முடிந்ததும் எலி எல்லாம் உள்ளே வரும். அங்கே விஷம் வைப்பதைவிட நம் மூங்கில் கிட்டிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. விஷம் தின்ற எலி இறக்கைக்குள் போய்ச் செத்தால் அந்த ஈரமும் அமிலமும் தகட்டைத் தின்னும். நடவு நேரத்தில் கொக்கும் மடையானும் கூட்டமாக எழும்புவது ஓடுபாதையில் இன்னொரு ஆபத்து.

வெயிலும் உண்டு. சித்திரையில் 40 டிகிரி அடிக்கும்போது காற்று லேசாகிவிடும். கடல்மட்டத்தை ஒட்டிய தஞ்சாவூரிலேயே விமானம் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். இன்ஜின் பலம் குறையும், இறக்கையின் தூக்கும் விசை குறையும், ஓடுபாதை அதிகம் வேண்டும். 130 குதிரைத்திறன் மட்டுமே உள்ள டைகர் மாத்துக்கு அது பெரிய வித்தியாசம்.

மார்கழிக் காலையில் இதற்கு நேர் எதிரான சங்கடம். வெளியே 22 டிகிரி, பனிமூட்டம் இப்போதுதான் கலைந்திருக்கிறது. அந்த நேரத்தில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி உறையும் என்றால் மாணவர்கள் நம்புவதில்லை. பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய வழியில் காற்று பாயும்போதும் உள்ளே வெப்பம் சட்டென்று இறங்கும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அது உறைந்து வழியை அடைக்கும், இன்ஜின் திணறும். அதற்காகவே சூடான காற்றைத் திருப்பிவிடும் நெம்புகோல் இருக்கிறது. குளிர்நாட்டில் மட்டும்தான் இது வரும் என்று நினைத்து நம் ஊரில் அசட்டையாக இருப்பது தப்பு.

விமானத்தைக் கிளப்பும் முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுகிறார்களே, எதற்கு?

ஹார்வர்டிலும் டகோட்டாவிலும் இருப்பது வட்டமாகச் சிலிண்டர் அடுக்கிய இன்ஜின். ஹார்வர்டுக்கு ஒன்பது சிலிண்டர், 600 குதிரைத்திறன். டகோட்டாவின் இரண்டு இன்ஜின்களுக்கும் தலா பதினான்கு சிலிண்டர், தலா 1,200 குதிரைத்திறன். நின்றிருக்கும்போது எண்ணெய் கசிந்து அடியில் இருக்கும் சிலிண்டர்களில் தேங்கும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அப்படியே ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அன்றைக்கே தெரியாமல் போகலாம், பிறகு ஒருநாள் வானத்தில் உடையும்.

அதனால் சுவிட்ச் எல்லாம் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, ஓடும் திசையிலேயே ஒவ்வொரு இதழாகத் தள்ளுவோம். எங்காவது முட்டினால் நிறுத்திவிட வேண்டும். பலம் போட்டுத் தள்ளவும் கூடாது, பின்பக்கம் சுற்றவும் கூடாது. பின்பக்கம் சுற்றினால் எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஸ்டார்ட் ஆனதும் திரும்பச் சிலிண்டருக்கே வரும். அடிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

டைகர் மாத்தில் கையால் சுற்றுவது வேறு காரணத்துக்கு. மின்சார ஸ்டார்ட்டர் இல்லாததால் அதை ஸ்டார்ட் செய்வதே கையால் சுற்றித்தான். பயிற்சி பெற்றவர், பயிற்சி பெற்ற இன்னொருவர் விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே செய்யவேண்டிய வேலை அது. வீடியோ பார்த்து யாரும் முயலக் கூடாது. சுவிட்சை அணைத்திருந்தாலும், பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோ என்ற கருவியின் வயர் ஒன்று அறுந்திருந்தால் இன்ஜின் பற்றிக்கொள்ளும்.

சாதாரண பங்க் பெட்ரோல் போடலாமா?

வேண்டாம். இப்போது பங்க் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் சீல்களையும் தொட்டிப் பூச்சையும் கெடுக்கும், ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த இன்ஜின்களுக்கு ஏவ்காஸ் என்ற விமான பெட்ரோல் வேண்டும். நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்த ஏவ்காஸ் 100 எல்எல் எரிபொருளை ஹிண்டன் விமானப்படைத் தளத்தில் அறிமுகப்படுத்தியது. தொட்டியைப் பாதியாக விட்டுவைத்தால் இரவுக் குளிரில் உள்ளே நீர் கோக்கும். மாலையே நிரப்பி வைத்து, காலையில் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

உதிரி பாகத்துக்கு எங்கே போவது? நம் பட்டறைகளில் செய்ய முடியாதா?

கும்பகோணத்தில் ஒரு பட்டறைக்காரர் கேட்டது இது. சுவாமிமலையில் உலோகம் வார்க்கிறோம், நாச்சியார்கோயிலில் விளக்கு வார்க்கிறோம், திருச்சியில் கொதிகலன் பாகம் செய்கிறோம், ஒரு புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) செய்ய முடியாதா என்றார். கைத்திறமை நிச்சயம் இருக்கிறது. ஆனால் விமானத்தில் ஏறும் பாகத்துக்கு, செய்த பாகத்தோடு அதன் பிறப்புச் சான்றும் வேண்டும். எந்த உலோகம், யார் உருக்கியது, எந்த வரைபடப்படி கடைந்தது, யார் சோதித்துக் கையெழுத்துப் போட்டது என்பதெல்லாம் தாளில் இருக்கவேண்டும். தாள் இல்லாத பாகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பெட்டிக்குள்தான் இருக்கும். விமானப்படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் எஃப்-700 என்ற பதிவேடு உண்டு. ஒரு ஸ்க்ரூ கழற்றினாலும் அதில் ஏறும், திருப்பிப் போட்டவர் பெயரும் ஏறும். அந்தப் பட்டறைக்காரருக்கு என் பதில்: சோதனை வசதியும் சான்றிதழும் பெற முயலுங்கள், வேலை உங்களைத் தேடி வரும்.

நம் நாட்டுக்கு இதில் பெருமைப்பட ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கான்பூரில் லிபரேட்டர் என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்களை, யாரும் மறுபடி பறக்கவிடக் கூடாதென்று சேதப்படுத்திக் கைவிட்டுப் போனார்கள். பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல் ஆட்கள் 1948 வாக்கில் அவற்றை ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் போட்டு எழுப்பினார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை பெங்களூருக்கு ஓட்டிப் போனார். 1968 வரை அவை நம் படையில் இருந்தன. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர் இந்தியாவிலிருந்து போனது. அமெரிக்காவில் காலிங்ஸ் அறக்கட்டளை பறக்கவிட்ட லிபரேட்டரும் அப்படித்தான். கான்பூரில் குப்பையாகக் கிடந்ததை நம் ஃபிட்டர்கள் காப்பாற்றியிராவிட்டால் உலகத்தில் அந்த விமானத்தைப் பார்ப்பது மிகவும் அரிதாகியிருக்கும்.

வயதான விமானங்கள் விபத்துக்கு ஆளாகின்றனவே, இது தேவையா?

நியாயமான கேள்வி. 2019 அக்டோபர் 2 அன்று அதே காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நான்காவது இன்ஜின் கோளாறாகி, திரும்பி வந்து இறங்க முயன்றபோது வேகமும் உயரமும் போதவில்லை. விசாரணையில் வந்தது என்னை மிகவும் பாதித்தது. அந்த இன்ஜினின் ஒரு மேக்னெட்டோ வேலையே செய்யவில்லை, மற்றதன் பொறி பலவீனமாக இருந்தது. விமானத்தை ஓட்டியவரே பராமரிப்புக்கும் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

இதில் விமானத்தின் வயதை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், இன்ஜினுக்கு இரண்டு மேக்னெட்டோ என்று வைத்ததே ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்குத்தான். அதைப் பறக்கும் முன் சோதிக்கும் முறையும் அந்தக் காலத்திலேயே உண்டு. ஒன்றை அணைத்துப் பார்த்து சுற்று எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். செய்பவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கவேண்டும். இந்த விதியைத் தளர்த்தும் இடத்தில் நான் வேலை செய்ய மாட்டேன்.

2015 ஆகஸ்ட் 22-ல் இங்கிலாந்தின் ஷோரம் ஊரில் ஹண்டர் ஜெட் ஒன்று சாகசம் காட்டும்போது சாலையில் விழுந்தது. தரையில் இருந்த 11 பேர் இறந்தார்கள். பழைய விமானம் நேராக, அமைதியாக, ஆட்கள் இல்லாத பக்கம் பறந்து போனாலே போதும் என்பது அதற்குப் பிறகு என் உறுதியான கருத்து. குட்டிக்கரணம் வேண்டாம்.

ஓட்டுவது கடினமா?

வானத்தில் இல்லை, தரையில்தான் கடினம். வாலில் சக்கரம் உள்ள விமானங்களில் கனம் பெரும்பாலும் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். இறங்கி ஓடும்போது கொஞ்சம் கோணினால் வால் முன்னே வரப்பார்க்கும். ஹார்வர்ட் இதற்குப் பேர்போனது. ஆடிக்காற்று குறுக்கே அடிக்கும் நாளில் டைகர் மாத்தை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்ல விமானிக்கு அடையாளம்.

நானே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பணம் மட்டும் போதாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இவற்றுக்கென்று தனி அனுமதி முறைகள் உண்டு, அங்கே தனியார் ஸ்பிட்ஃபயர்கூட வைத்திருக்கிறார்கள். இங்கே டிஜிசிஏ என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவு, பறக்கும் தகுதிச் சான்று, உரிமம் பெற்ற இன்ஜினியர், காப்பீடு எல்லாம் வேண்டும். வாங்கும் முன் முதலில் ஒரு இன்ஜினியரைத் தேடுங்கள்.

தாத்தா காலத்து விமானக் கடிகார மீட்டர் வீட்டில் இருக்கிறது. சுத்தம் செய்யலாமா?

திறக்காதீர்கள். இருட்டில் மின்னும் எண்கள் என்றால் ரேடியம் பூச்சாக இருக்கக்கூடும், அந்தத் தூள் உடம்புக்குள் போகக் கூடாது. கண்ணாடி உடையாமல் ஒரு டப்பாவில் வைத்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இந்த வேலைக்கு எப்படி வருவது?

இரண்டு வழி. கணிதம், இயற்பியல் எடுத்தவர்கள் அக்னிவீர் வாயு தேர்வு எழுதலாம், பெண்களும் சேரலாம். பணி நான்கு ஆண்டு, அதற்குப் பிறகு ஒரு பகுதியினரை மட்டுமே தொடர வைக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, டிஜிசிஏ அங்கீகரித்த ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) படிப்பு. அதில் பி1.1 பிரிவு ஜெட் போன்ற டர்பைன் விமானங்களுக்கு, பி1.2 பிரிவு பிஸ்டன் விமானங்களுக்கு. வேலைவாய்ப்பு பி1.1-ல்தான் அதிகம், ஆகவே எல்லோரும் அதற்கே போகிறார்கள். பிஸ்டன் இன்ஜின் தெரிந்த ஆள் குறைந்துகொண்டே வருவது எனக்கு உண்மையாகவே கவலை. டர்பைன் படித்துவிட்டு, பிஸ்டனையும் விருப்பத்தோடு சேர்த்துக்கொண்டால் அவளுக்கு நல்லது.

பள்ளி, கல்லூரி வாசலில் பீடத்தில் நிற்கும் ஓய்வுபெற்ற விமானத்துக்கு நாம் ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், செய்யவேண்டும். சென்னை குரோம்பேட்டை எம்ஐடி பொறியியல் கல்லூரியில் நிறுத்தி வைத்திருந்த பழைய விமானங்களைப் பார்த்துத்தான் மாணவர் அப்துல் கலாமின் மனம் விமானத்துறை பக்கம் சாய்ந்தது. நிற்கும் விமானமும் வேலை செய்கிறது.

முதலில், இருக்கையை வெளியே வீசும் வெடிபொருள் நீக்கப்பட்டதற்குச் சான்று இருக்கிறதா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். காற்று நுழையும் வாயையும் புகைபோக்கியையும் வலையால் அடையுங்கள், இல்லையென்றால் புறாவும் மைனாவும் குடியேறும், எச்சம் தகட்டை அரிக்கும். பாரம் டயரில் நிற்காமல் ஸ்டாண்டில் நிற்கட்டும். மழைக்கு முன்னால் வடிகால் துளைகளைக் குத்தி விடுங்கள், மழை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பெயிண்ட் அடிப்பதானால் பழைய அரிப்பைச் சுரண்டிவிட்டு, அலுமினியத்துக்கு உரிய பிரைமர் போட்டபின் அடியுங்கள். ஆண்டுவிழாவுக்கு அவசர அவசரமாக அரிப்பின்மேலேயே எனாமல் பூசுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன், அது உள்ளே அழுகலை மறைக்கத்தான் உதவும். எண், சின்னம், நிறம் எல்லாம் அந்த விமானம் பணியில் இருந்தபோது இருந்தபடியே இருக்கட்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று எல்லா ஊரிலும் ஓய்வுபெற்ற ஏர்ஃபிரேம் ஃபிட்டர்களும் இன்ஜின் ஃபிட்டர்களும் இருக்கிறார்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் ஆள் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டால் ஸ்பானரோடு வந்துவிடுவோம்.